ஒரே இரவு, மூன்று மதுக்கூடங்கள்: பல கதைகள் பின்னும் திரைக்கதையை எழுதும் முறை

மதுக்கூடத்தைக் களமாக வைத்துப் பல கதைகளைப் பின்ன நினைப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இந்த மனிதர்கள் ஏன் இன்னும் வீட்டுக்குப் போகாமல் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான். மருத்துவமனையிலோ ரயிலிலோ மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியே போக வழி இருக்காது. மதுக்கூடத்தில் இருப்பவரோ எந்த நொடியிலும் பணத்தை வைத்துவிட்டு எழுந்து போகலாம். ஆகவே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அங்கே வந்ததற்கு ஒரு காரணமும், எழுந்து போக முடியாததற்கு வேறொரு காரணமும் தேவை. முதல் காரணத்தை அவர் வாய்விட்டுச் சொல்லலாம், இரண்டாவதை அவர் சொல்லாமல் இருப்பதே நல்லது. "நண்பரைப் பார்க்க வந்தேன்" என்பது முதல் காரணம் என்றால், வீட்டில் அணைக்கப்படாமல் எரியும் ஒரு விளக்கை எதிர்கொள்ள அவருக்குத் துணிவில்லை என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தில்தான் இந்த வகைப் படத்தின் நகைச்சுவையும் துயரமும் ஒருசேர இருக்கின்றன.

அடுத்தது கணக்கு. பலர் இதைத் தவிர்த்துவிட்டுப் பாதிவழியில் திணறுவதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது வழக்கமான அளவு; எனவே இரண்டு மணி நேரப் படத்துக்கு 120 பக்கங்கள். ஐந்து கதைகளுக்குச் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 24 பக்கங்கள் கிடைக்கும். ஒரு காட்சி இரண்டு, மூன்று பக்கங்கள் எடுத்துக்கொள்ளும் என்றால் ஒரு கதைக்குப் பத்துக் காட்சிகள். அவற்றில் பாத்திரத்தை அறிமுகப்படுத்த இரண்டும் முடித்துவைக்க ஒன்றிரண்டும் போக, கதையாக நகர்வதற்கு மிஞ்சுவது ஆறு அல்லது ஏழு. அந்த இடத்துக்குள் ஒரு மனிதரின் வாழ்க்கை அடங்காது. அவர் அந்த இரவில் எடுக்க வேண்டிய ஒரே ஒரு முடிவு அடங்கும். ராபர்ட் ஆல்ட்மன் இயக்கி 1975-இல் வெளிவந்த 'நாஷ்வில்' 24 முக்கியப் பாத்திரங்களைத் தாங்கியது உண்மைதான், ஆனால் அதற்கு அவர் ஐந்து நாள் கதையையும் ஏறத்தாழ 160 நிமிட நீளத்தையும் எடுத்துக்கொண்டார். முதல் முறை எழுதுபவர் மூன்று அல்லது நான்கு கதைகளோடு நிற்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு மேலே போவோம். ஒரே தெருவில் மூன்று மதுக்கூடங்கள். முதல் கூடத்தில் ஓர் அண்ணன், பதினோரு ஆண்டுகளாகப் பேசாமல் இருந்த தம்பிக்காகக் காத்திருக்கிறார். தம்பியும் வந்துவிட்டார், ஆனால் தெருவைக் கடந்து உள்ளே நுழையத் துணிவு வராமல் எதிரே உள்ள இரண்டாவது கூடத்தில் உட்கார்ந்து, இன்னும் ஒரே ஒரு கோப்பை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். மூன்றாவது கூடத்தின் உரிமையாளர் அன்றிரவோடு கடையை நிரந்தரமாக மூடப்போகிறார், அதைத் தன் ஊழியர்களிடம் இன்னும் சொல்லவில்லை. மூன்று கூடங்களிலும் அடுத்தடுத்துப் பாட ஒப்புக்கொண்ட ஒரு பாடகி, கிடாருடன் தெருவை மேலும் கீழுமாகக் கடந்துகொண்டிருக்கிறார். கடைசிக் கூடத்தில் அவருடைய பாட்டைக் கேட்க, அவர் நீண்ட நாள் எதிர்பார்த்திருந்த ஓர் இசைத் தயாரிப்பாளர் வரவிருக்கிறார்.

இந்த நால்வரையும் எங்கே சந்திக்க வைப்பது? பாடகி வேகமாக நடக்கும்போது தம்பியின் மீது மோதி, கிடார் கீழே விழுந்து, இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாக எழுதுவது எளிது. அப்படி எழுதினால் இரண்டு கதைகள் தொட்டுக்கொண்டனவே தவிர இணையவில்லை. இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு: அந்தச் சந்திப்பைத் திரைக்கதையிலிருந்து எடுத்துவிட்டு இரண்டு கதைகளையும் தனித்தனியே படித்துப் பாருங்கள். எதுவும் மாறவில்லை என்றால் அது வெறும் தற்செயல். சந்திப்பு என்பது குறைந்தது ஒருவரையாவது, அது நேராதிருந்தால் எடுத்திருக்க மாட்டாத முடிவு ஒன்றை எடுக்க வைக்க வேண்டும். அந்த முடிவுக்கு அவர் ஏதாவது விலை கொடுக்க வேண்டும். 2000-இல் வெளிவந்த மெக்சிகோ நாட்டுப் படமான 'அமோரெஸ் பெர்ரோஸ்' மூன்று கதைகளை ஒரே கார் விபத்தில் கட்டுகிறது. அந்த விபத்துக்குப் பின் மூன்று கதைகளின் மனிதர்களில் எவரும் தாம் முன்பு போய்க்கொண்டிருந்த வழியில் தொடர முடிவதில்லை. அந்த முடிச்சின் வலிமை அதில்தான் இருக்கிறது.

நம் மாதிரியில், முதல் கூடத்தில் பாடும்போது பாடகி அண்ணனைக் கவனிக்கிறார்: கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையை அவர் சிறு சிறு துண்டுகளாகக் கிழித்து வரிசையாக அடுக்குகிறார். அரை மணி நேரம் கழித்து எதிர்க் கூடத்தில், அதே போல அட்டையைக் கிழித்து அடுக்கும் இன்னொருவரைப் பார்க்கிறார். அந்தத் தெருவில் இருவரையும் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அண்ணன், தம்பி வரவில்லை என்று முடிவுகட்டிக் கணக்கை முடிக்கச் சொல்லிவிட்ட நேரத்தில், பாடகி திரும்பிப் போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னால் மூன்றாவது கூடத்துக்கு நேரத்துக்குள் போய்ச் சேர முடியாது. இப்போது சந்திப்புக்கு ஒரு விலை இருக்கிறது. அவர் போகிறாரா இல்லையா என்பதை எழுதுபவரே தீர்மானிக்கலாம். இரண்டில் எதை எழுதினாலும் கதை நிற்கும். தற்செயலைப் பொறுத்தவரை ஒரே ஒரு கட்டுப்பாட்டைக் கடைப்பிடியுங்கள்: தற்செயல் ஒருவரைச் சிக்கலில் மாட்டிவிடலாம், சிக்கலிலிருந்து விடுவிக்கக் கூடாது.

இந்த மாதிரியில் நகைச்சுவை எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அண்ணனும் தம்பியும் ஒருவருக்கொருவர் இருபது அடி தூரத்தில் உட்கார்ந்து, மற்றவருக்கு அக்கறையில்லை என்று வேறு வேறு பார்டெண்டர்களிடம் ஏறக்குறைய ஒரே சொற்களில் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். பார்வையாளர் சிரிக்கிறார், ஏனென்றால் அவருக்கு இருவரையும் தெரியும். அதே காரணத்தால்தான் சிறிது நேரத்தில் அவருக்குத் தொண்டை அடைக்கிறது. பல கதைகள் கொண்ட படத்தின் பெரிய செல்வம் இது. ஒரு கதையில் கிடைத்த செய்தி, அடுத்த கதையில் சொல்லப்படும் ஒரு சாதாரண வரியை வேடிக்கையாகவோ வேதனையாகவோ மாற்றிவிடும். ஆகவே தனியாக நகைச்சுவைக்கென்று ஒரு பாத்திரத்தைப் படைத்து, துயரத்தை வேறு பாத்திரங்களுக்கு ஒதுக்கிவிடாதீர்கள். ஒவ்வொருவரும் தாம் வேண்டுவதை முழு மனத்தோடு வேண்டட்டும்; பார்வையாளருக்கு எதை, எந்த வரிசையில் தெரிவிக்கிறீர்கள் என்பதிலிருந்து சிரிப்பு வரட்டும்.

எழுதத் தொடங்கும் முன் ஒரு பெரிய தாளில் அட்டவணை போடுங்கள். மேலே கதைகள், இடப்பக்கத்தில் மாலை ஆறு மணி முதல் நள்ளிரவு ஒரு மணி வரை அரை மணிக்கு ஒரு வரிசை. திரையில் தோன்றாத நேரத்திலும் ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார், எத்தனையாவது கோப்பையில் இருக்கிறார் என்பதை ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்புங்கள். அலுப்பூட்டும் வேலைதான், ஆனாலும் நான் அறிந்தவரை நல்ல முடிச்சுகள் பெரும்பாலும் இந்தக் காலிக் கட்டங்களை நிரப்பும்போதுதான் கண்ணில் படுகின்றன. கோப்பைக் கணக்கும் வெறும் சம்பிரதாயம் அன்று. மது வயிற்றுக்குள் போனவுடன் தலைக்கு ஏறிவிடுவதில்லை; இரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொடப் பொதுவாக அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகும், உடல் அதை மெதுவாகத்தான் வெளியேற்றும், காப்பியோ குளிர்ந்த நீரோ அதை விரைவுபடுத்தாது. இதை அறிந்து எழுதினால் ஏழு மணிக்குக் குடித்தது எட்டு மணிக் காட்சியில் பேச்சாக வெளிப்படும், பத்து மணிக்கு எந்த நகைச்சுவையும் ஒருவரைத் தெளிய வைக்காது, அவர் எப்படி வீடு போய்ச் சேர்வார் என்பதே ஒரு காட்சியாகிவிடும். வண்டிச் சாவியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கி வைத்துக்கொள்ளும் காட்சி, சொல்லாமல் சொல்லும் அன்புக்கு இந்தக் களம் இயல்பாகத் தரும் இடம்.

போதையில் இருப்பவரின் வசனத்தில் எழுத்துகளைக் குழற வைக்காதீர்கள். போதையில் உள்ளவர் தாம் நிதானமாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளத்தான் பாடுபடுவார். தேவைக்கு அதிகமாகத் திருத்தமாகப் பேசுவார், ஒரே செய்தியை மூன்று முறை புதிதாகச் சொல்வார், நாற்காலியை அளவுக்கு மீறிய கவனத்தோடு நகர்த்துவார். அதேபோல, அங்கே தெளிவாக இருக்கும் ஒருவரை எப்போதும் காட்சியில் வைத்திருங்கள். பெரும்பாலும் அது பார்டெண்டராகவோ மேசை துடைப்பவராகவோ இருக்கும். அவர்களை மற்றவர்களின் கதையைக் கேட்கும் காதுகளாக மட்டும் பயன்படுத்துவது இந்த வகைப் படங்களில் அடிக்கடி நேரும் அநீதி. அவர்களுக்கும் அன்றிரவு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கட்டும். கடை மூடப்போவது தெரியாமல் அடுத்த வாரத்துக்கான எலுமிச்சம்பழங்களைக் கணக்கிட்டு எழுதும் ஊழியரை உரிமையாளர் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சிக்கு வசனமே வேண்டாம்.

கூடத்தின் உள்ளமைப்பும் எழுத்தின் பகுதிதான். கவுன்ட்டரில் அருகருகே அமர்ந்த இருவர் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, எதிரே உள்ள புட்டிகளைப் பார்த்தே பேசுகிறார்கள். அதனால் முகத்துக்கு நேரே சொல்ல முடியாத உண்மைகள் அங்கே வெளிவரும். மேசையில் எதிரெதிரே அமர்ந்தவர்கள் வாதிடுவார்கள். கழிப்பறைக்குப் போகும் குறுகிய நடையில் தவிர்க்க நினைத்தவரையே சந்திக்க நேரும், பின்வாசலில் புகைப்பவர்கள் முதலாளியும் ஊழியரும் என்ற வேறுபாட்டைச் சற்று நேரம் மறப்பார்கள். ஒவ்வொரு காட்சியையும் எந்த இடத்தில் வைப்பது என்று இதை நினைத்துத் தீர்மானியுங்கள். மூன்று கூடங்களும் ஒளியிலும் நிறத்திலும் வேறுபட்டிருந்தால் பார்வையாளர் காட்சி மாறிய நொடியிலேயே தாம் எங்கே இருக்கிறோம் என்று அறிந்துகொள்வார்.

படப்பிடிப்பைப் பற்றிச் சுருக்கமாக. வசனம் பதிவாகும்போது பின்னணி இசையை ஒலிக்கவிட மாட்டார்கள், ஏனெனில் ஷாட்டுகளை வெட்டி ஒட்டும்போது இசை துண்டு துண்டாகிவிடும். துணை நடிகர்கள் ஓசையின்றி வாயசைப்பார்கள், நடிகர்கள் மட்டும் இரைச்சலுக்கு மேல் பேசுவதுபோல் குரலை உயர்த்த வேண்டும், இதை இயக்குநர் ஒவ்வொரு முறையும் நினைவூட்ட வேண்டியிருக்கும். கோப்பைகளில் இருப்பது தேநீர், பழச்சாறு, வண்ணநீர் போன்றவை. உருகி அளவு மாறாதிருக்கவும் ஒலி எழுப்பாதிருக்கவும் பனிக்கட்டிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கட்டிகளைப் பயன்படுத்துவதுண்டு. கவுன்ட்டருக்குப் பின்னுள்ள கண்ணாடியில் கேமராவும் படக்குழுவும் தெரியாமல் கோணம் வைப்பதற்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் பலர் பேசும் காட்சிகள் இருந்தால் ஒவ்வொருவரின் குரலையும் தனித்தனி மைக்கில் பதிவுசெய்யுங்கள். ஆல்ட்மன் 1974-இல் 'கலிபோர்னியா ஸ்பிளிட்' படத்துக்கு எட்டுத் தட ஒலிப்பதிவைப் பயன்படுத்தியது இத்தகைய பேச்சுகளைப் பின்னர் விரும்பியபடி கலந்துகொள்வதற்காகத்தான்.

படத்தொகுப்பில் காட்சிகளின் வரிசை நிச்சயம் மாறும் என்று எதிர்பார்த்தே எழுத வேண்டும். எனவே சுவர்க் கடிகாரத்தைத் தவிர்க்க முடியாத இரண்டொரு காட்சிகளைத் தவிர வேறெங்கும் காட்டாதீர்கள். கோப்பையின் அளவையும் மேசையில் சேர்ந்த வெற்றுப் புட்டிகளையும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் படம் பிடித்து வையுங்கள். ஒரு கதையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது காட்சி முடிந்த பின் தாவாமல், ஒரு கேள்வி எழுந்து அதற்கு விடை வரும் முன் தாவுங்கள். அண்ணன் கணக்கை முடிக்கச் சொல்லும் இடத்தில் வெட்டி, தம்பி மீண்டும் ஒரு கோப்பை கேட்கும் இடத்தில் தொடர்ந்தால், இடையில் எந்த விளக்கமும் தேவைப்படாது.

முடிவுக்காக அனைவரையும் ஒரே கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை அடக்கிக்கொள்வதே நல்லது. நான்கு கதைகளில் இரண்டு முழுமையாக முடிந்து, ஒன்று பாதியில் நின்று, மற்றொன்றின் முடிவு யாரோ சொல்லக் கேட்டதாக இருந்தாலும் இரவு நிறைவடைந்துவிடும். மதுக்கூடம் தன் முடிவைத் தானே வைத்திருக்கிறது: கடைசி ஆர்டர் என்ற அறிவிப்பு, இசை நிற்பது, திடீரென எல்லா விளக்குகளும் போடப்படுவது. அதுவரை மங்கலில் அழகாயிருந்த முகங்கள் அந்த வெளிச்சத்தில் உள்ளபடி தெரியும். அப்போது யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். ஊழியர் நாற்காலிகளை மேசைமீது கவிழ்க்கத் தொடங்குகிறார், கவுன்ட்டரில் கிழித்து அடுக்கிய அட்டைத் துண்டுகளைத் துடைக்கப் போனவர் துணியைச் சற்று நிறுத்திவிட்டு, வாசல் கதவு திறக்கும் ஓசைக்குத் தலை நிமிர்கிறார்.