கம்பெனிக்குள் கான்ட்ராக்ட் வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணலி, ராணிப்பேட்டை, கடலூர் சிப்காட், தூத்துக்குடி என்று எங்கே போனாலும், பெரிய ஆலைகளுக்குள் நடக்கும் ஆபத்தான வேலைகளில் பெரும்பகுதியைச் செய்வது கான்ட்ராக்ட் ஆட்கள்தான். தொட்டி கழுவுவது, பைப் வெட்டி மாற்றுவது, கூரை ஷீட் மாற்றுவது, சாரம் கட்டுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள் கையில். பத்துப் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு ஒர்க் ஆர்டர் எடுக்கும் சிறு கான்ட்ராக்டர்களையும் அவர்களுடைய சூப்பர்வைசர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆலைக்காரருக்கு உங்கள் ஆட்களைத் தெரியாது, உங்கள் ஆட்களுக்கு ஆலையைத் தெரியாது, உயிர் போவது அந்த இடைவெளியில்தான். பெர்மிட், இண்டக்‌ஷன், டூல்பாக்ஸ் டாக், அதாவது வேலைக்கான எழுத்து அனுமதி, புது ஆளுக்கு ஆலையைப் பற்றிச் சொல்லும் வகுப்பு, வேலைக்கு முன் பேசும் பாதுகாப்புப் பேச்சு, எல்லாம் அந்த இடைவெளியை அடைக்க வந்தவை. அவற்றை கேட் தாண்டுவதற்கான காகிதமாக மட்டும் பார்க்கும்போது மற்ற தவறுகள் எல்லாம் பின்னாலேயே வந்துவிடுகின்றன.

பெர்மிட்டை மேசையிலேயே முடிப்பது

காலையில் பெர்மிட் கொடுக்கும் அறையைப் பாருங்கள். ஏழெட்டு சூப்பர்வைசர்கள் நிற்பார்கள், நேற்றைய தாளைப் பார்த்து இன்றைய தேதி போட்டு அப்படியே எழுதுவார்கள், பொறுப்பாளர் கையெழுத்துப் போடுவார், வேலை நடக்கப்போகும் இடத்தை இருவருமே போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். எந்த வால்வு மூடியிருக்கிறது, எந்த லைனில் பிளைண்ட் (பைப்பை முழுக்க அடைக்கும் இரும்புத் தட்டு) போட்டிருக்கிறது, பைப்புக்குள் கடைசியாக என்ன ஓடியது, தலைக்கு மேலேயோ காலுக்குக் கீழேயோ வேறு எந்த கான்ட்ராக்டரின் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை இடத்துக்கே கூட்டிப்போய்க் காட்டச் சொல்லுங்கள். வால்வை மூடியாச்சு, அது போதும் என்பார்கள். பழைய வால்வு உள்ளே கசியும், யாராவது தெரியாமல் திருப்பியும் விடுவார்கள். விஷவாயு, எரிவாயு, ஆசிட், நீராவி ஓடிய லைனைப் பிரிக்கிறீர்கள் என்றால் பிளைண்ட் போட்டு, பிரஷர் இறக்கி, டிரெயினைத் திறந்து காட்டிய பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பெர்மிட்டைப் பொறுப்பாளரிடம் நேரில் ஒப்படைக்காமல் வைத்துவிட்டுப் போவது இதைவிட மோசம். 1988 ஜூலை 6-ஆம் தேதி வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் இறந்தார்கள். அங்கே ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைக் கான்ட்ராக்ட் குழு ஒன்று கழற்றி எடுத்திருந்தது, அதைத் திரும்ப மாட்ட முடியாததால் அந்த வாயில் ஒரு மூடித்தட்டை மட்டும் பொருத்தியிருந்தார்கள். கையால் திருகிய அளவுக்குத்தான் அது இறுகியிருந்தது என்று விசாரணை சொன்னது. மாலையில் பொறுப்பாளர் வேறு வேலையில் இருந்ததால் பெர்மிட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இரவு இன்னொரு பம்ப் நின்றுபோனது. இருந்தவர்களுக்கு அந்த வால்வுக்கான தாள் கண்ணில் படவில்லை, வால்வு இல்லாத பம்ப்பை ஓட்டினார்கள், அந்த மூடி வழியாக வாயு கசிந்து பற்றிக்கொண்டது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அவசரமாக வண்டி பிடிக்க ஓடும் ஒவ்வொரு சூப்பர்வைசரும் இந்த விபத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வேலை பாதியில் நிற்கிறது என்றால் அதை வாயால் சொல்லி, தாளில் எழுதி, அந்த இயந்திரத்தின் பிரேக்கரில் உங்கள் பூட்டும் டேகும் தொங்குவதைக் காட்டிவிட்டுப் போங்கள்.

தொட்டிக்குள் ஆளை இறக்குவது

கழிவுநீர்த் தொட்டி, கெமிக்கல் டேங்க், பாய்லர் டிரம், ஆழமான பிட், நீளமான பெரிய பைப் எல்லாம் இதில் வரும். நான் பார்த்தவரை இதில்தான் அசட்டைத் தைரியம் அதிகம். "நேத்துதான் கழுவினோம், வாடையே இல்ல" என்று இறங்கிவிடுவார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை வாடை அடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. நைட்ரஜனுக்கு வாடையே கிடையாது. ஆலைக்காரர்கள் டேங்க்கை நைட்ரஜன் விட்டு வைத்திருந்தால் உள்ளே ஆக்சிஜன் இருக்காது, அங்கே மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். துருப்பிடிக்கும் இரும்புகூட மூடிய தொட்டிக்குள் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

கேஸ் டெஸ்ட் எடுக்கும்போது மேன்ஹோல் வாயில் மீட்டரைக் காட்டிவிட்டு ஓகே எழுதுவதை விடக் கெட்ட பழக்கம் இல்லை. மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலே நிற்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு கனமானது, அடியில் கிடக்கும். அதனால் குழாயை உள்ளே விட்டு மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்திலும், ஒவ்வொரு இடத்திலும் மீட்டரின் எண் நிலைக்கும்வரை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்கும் 23.5 சதவீதத்துக்கும் இடையே இருக்க வேண்டும், வெளிக்காற்றில் 20.9 இருக்கும். எரியும் வாயு அதன் கீழ் வெடிப்பு வரம்பில் (வெடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில்) 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், பல ஆலைகள் இதைவிடக் கடுமையாக வைத்திருக்கின்றன, அப்படியென்றால் அவர்கள் அளவுதான் கணக்கு. ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம் தாண்டக் கூடாது. ஒரு தடவை பார்த்ததோடு முடியாது. அடியில் இருக்கும் சேற்றை மண்வெட்டியால் கிளறியதும் அதில் அடைபட்டிருந்த வாயு வெளியே வரும், காலையில் சரியாக இருந்த தொட்டி பதினோரு மணி டீக்குப் பிறகு ஆளைக் கொல்லும். டீ, சாப்பாடு என்று எல்லாரும் மேலே வந்துபோன ஒவ்வொரு தடவையும் திரும்ப டெஸ்ட் எடுத்த பிறகே இறக்குங்கள், உள்ளே இருப்பவரிடம் ஒரு மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

காற்று போதவில்லை என்று கட்டிங் செட்டின் ஆக்சிஜன் ஹோஸை உள்ளே திறந்துவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஆக்சிஜன் கூடிய இடத்தில் சட்டை, தலைமுடி எல்லாம் ஒரு பொறிக்கே தீப்பிடிக்கும். புளோயர் வைத்து வெளிக்காற்றை ஊதுங்கள், அந்தப் புளோயர் ஜெனரேட்டர் புகையை உறிஞ்சி உள்ளே தள்ளாத இடத்தில் இருக்கட்டும்.

வெளியே நிற்கும் ஆளை, கல்ஃபில் வேலை செய்தவர்கள் ஹோல் வாட்ச் என்பார்களே அவரை, "சும்மாதானே நிக்கிற, அந்த ராடைக் கொண்டா" என்று எந்தக் காரணத்துக்கும் அனுப்பக் கூடாது. உள்ளே மயங்கியவரைக் காப்பாற்ற அவர் குதிக்கவும் கூடாது. இப்படிப்பட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள்தான் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-லேயே எச்சரித்தது. நம் ஊரில் தொட்டியில் இறந்தவர்கள் பற்றிய செய்திகளிலும் அண்ணனும் தம்பியுமாக, அப்பாவும் மகனுமாகப் போயிருப்பதைப் பார்க்கிறோம், காரணம் இதுவேதான். இறங்குபவர் உடம்பில் பெல்ட் மாட்டி, அதன் கயிற்றின் மறுமுனை வெளியே இருப்பவர் கையில் இருக்க வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்தே வரும் விதி. டிரைபாடும் (முக்காலி) வின்ச்சும் (கயிறு சுற்றும் கருவி) இருந்தால் ஒருவரே தூக்கிவிடலாம். உள்ளே கொண்டுபோகும் கை விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்திலிருந்து வந்ததுதான், 230 வோல்ட் பல்பை ஒயரில் தொங்கவிட்டு இறங்குவதை இன்றைக்கும் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள்.

காலி டிரம்மும் விழும் பொறியும்

வெல்டிங், கட்டிங்கில் நிறைய பேர் மறப்பது கீழ்த்தளத்தை. கிரேட்டிங் (இரும்புக் கம்பித் தளம்) வழியாகப் பொறி இரண்டு மாடி இறங்கி, அங்கே யாரோ போட்டுவைத்த எண்ணெய்த் துணியில் விழும். சுற்றிலும் 11 மீட்டருக்குள் எரியக்கூடியதை அகற்றுங்கள், முடியாததை ஃபயர் பிளாங்கெட்டால் மூடுங்கள், பக்கத்துச் சாக்கடைக் குழிகளின் மூடியையும் அடைத்துவிடுங்கள். டார்ச்சை அணைத்த பிறகும் ஃபயர் வாட்ச், அதாவது தீ பிடிக்கிறதா என்று கவனிக்கும் ஆள், ஒரு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும், புகைந்துகொண்டிருக்கும் தீ தாமதமாகத்தான் தலைகாட்டும்.

தண்ணீர் பிடிக்க, குப்பை போட என்று பழைய டிரம்மை வெட்டும் வழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். காலி டிரம்தான் மிக ஆபத்தானது. அடியில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் தின்னரோ சால்வென்டோ ஆவியாகி டிரம் முழுக்க நிறைந்திருக்கும், டார்ச் பட்டதும் மூடி பறக்கும். அப்புறம், வீட்டு சமையல் சிலிண்டரைக் கட்டிங்குக்குக் கொண்டுவருவது சட்டவிரோதம். ஹோஸைக் கம்பியால் முறுக்கிக் கட்டுவதும், தீ ஹோஸுக்குள் திரும்பி ஓடாமல் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் இல்லாமல் ஓட்டுவதும் கேட்டிலேயே திருப்பி அனுப்ப வேண்டிய விஷயங்கள்.

உயரத்தில்

பெல்ட் போட்டிருப்பார், கொக்கி எங்கும் மாட்டியிருக்காது. மாட்டினாலும் காலடியில் இருக்கும் பைப்பில் மாட்டியிருப்பார். கணக்கைப் பாருங்கள்: கயிறு 1.8 மீட்டர், விழும் அதிர்ச்சியைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் விரிவது சுமார் 1 மீட்டர், அதற்குக் கீழே ஆளின் உடம்பு, கொஞ்சம் இடைவெளி, எல்லாம் சேர்த்தால் கொக்கி மாட்டிய இடத்திலிருந்து கீழே ஐந்தரை மீட்டர் அளவுக்கு வெற்றிடம் வேண்டும். நாலு மீட்டர் உயரத்தில் காலடியில் கொக்கி மாட்டியவரைக் கயிறு இழுத்து நிறுத்துவதற்குள் அவர் தரையில் அடித்துவிடுவார். கொக்கி எப்போதும் தலைக்கு மேலே, நகரும்போது ஒன்றை மாட்டிவிட்டு இன்னொன்றைக் கழற்றும் இரட்டைக் கயிறு.

பழைய ஷெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேலை தனி ஆபத்து. மேலிருந்து பார்த்தால் உறுதியாகத் தெரியும், வெயிலிலும் மழையிலும் இற்றுப்போன ஷீட் ஆளின் எடையைத் தாங்காது. போல்ட் வரிசைமேல் நடந்தால் ஒன்றும் ஆகாது என்பது மேஸ்திரிகள் சொல்லும் நம்பிக்கை, அதை நம்பி ஆளை ஏற்றாதீர்கள். நடக்க ஏணிப்பலகை, கீழே வலை, கொக்கி மாட்ட லைஃப்லைன் (இழுத்துக் கட்டிய கயிறு) மூன்றும் இல்லாமல் வேலை எடுக்காதீர்கள், முடிந்தால் பூம் லிஃப்ட்டில் (ஆளைத் தூக்கும் நீள்கை வண்டி) நின்று கீழிருந்தே கழற்றுங்கள்.

சாரத்தில் ஏறலாம் என்று சொல்லும் பச்சை டேக் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, அதில் தேதி இருக்கிறதா, நேற்றைய மழைக்குப் பிறகு யாராவது பார்த்தார்களா என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில் கட்டிக்கொண்டிருந்த அனல்மின் நிலையத்தில் உயரத்தில் அமைத்த கட்டமைப்பு சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள், பிழைப்புக்காக அசாமிலிருந்து வந்தவர்கள்.

கழிவைக் கண் மறைவாகக் கொட்டுவது

சுற்றுச்சூழல் விதியைக் கம்பெனியின் தலைவலி என்று கான்ட்ராக்டர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். பிரஷ் கழுவிய தின்னரை மழைநீர் வடிகாலில் ஊற்றுவது, ஆயில் துணியைச் சாதாரணக் குப்பையில் போடுவது, பழைய ஆயிலை வெளியே விற்பது, இவை மூன்றும் தினமும் நடக்கின்றன. மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாது, நேராக ஓடைக்கும் ஆற்றுக்கும்தான் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியபோது மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போனதைப் பார்த்தோம். பெயின்ட் டப்பா, ஆயில் துணி, கெமிக்கல் சேறு எல்லாம் அபாயகரமான கழிவு. அவற்றை ஆலையின் கழிவுக் கிடங்கில் எடை போட்டு ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவர் மட்டுமே அதை வெளியே கொண்டுபோகலாம்.

ஆட்கள் விஷயத்தில்

இந்தியும் ஒடியாவும் அசாமியும் பேசும் ஆட்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இண்டக்‌ஷன் நடத்திக் கையெழுத்து வாங்கினால் அந்தத் தாளால் யாருக்கும் பயனில்லை. அவர்களில் விஷயம் தெரிந்த ஒருவரை முன்னால் நிறுத்திப் பேசச் சொல்லுங்கள், பேசி முடித்ததும் "சைரன் அடித்தால் எங்கே ஓடுவாய்?" என்று ஒருவரைக் கேளுங்கள், நடந்து காட்டட்டும்.

அவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்பதும் உங்கள் பொறுப்பு. 2015 ஜனவரி 31-ஆம் தேதி அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 10 பேர் அந்தச் சேற்றில் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்துக்காரர்கள். வேலை முடிந்த பிறகு ஆலைக்குள் எந்த மூலையிலும் ஆளைப் படுக்கவைக்காதீர்கள்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் ஆளுக்கு இஎஸ்ஐ பதிவு வேலைக்குச் சேரும்போதே முடிந்திருக்க வேண்டும், விபத்து நடந்த பிறகு அவசரமாகப் பெயர் ஏற்றினால் இஎஸ்ஐ அலுவலகம் கேள்வி கேட்கும், அந்தக் குடும்பம்தான் அலையும். சின்னக் காயத்தை மறைத்து வெளியே தனியார் கிளினிக்கில் கட்டுப் போட்டு அனுப்புவதும் இப்படித்தான். விரல் நசுங்கியது சீழ் பிடித்து வெட்டும் நிலை வந்தால், விபத்து நடந்ததற்கே அவரிடம் ஆதாரம் இருக்காது.

கொட்டேஷன் போடும்போதே தொடங்கும் தவறு

கேஸ் மீட்டர் வாடகை, டிரைபாட், ஹோல் வாட்ச் சம்பளம், முறையான சாரம், இரட்டைக் கயிறு பெல்ட், இண்டக்‌ஷனுக்குப் போகும் ஒரு நாள் கூலி, இவை எதையும் எழுதாமல் ரேட்டைக் குறைத்து வேலை பிடித்துவிட்டு அப்புறம் சைட்டில் எல்லாவற்றையும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறோம். இவற்றைத் தனித்தனி வரியாக எழுதுங்கள். பேரம் பேசும்போது கம்பெனி ஆள் எந்த வரியை வெட்டச் சொல்கிறாரோ அதை மெயிலில் எழுத்தாகக் கேளுங்கள். ஹோல் வாட்ச் வேண்டாம் என்று தன் பெயரில் எழுதிக் கொடுக்கப் பெரும்பாலும் யாரும் முன்வர மாட்டார்கள். அப்படியும் எழுதிக் கொடுக்கிறார் என்றால் அந்த ஆலையின் தொட்டிக்குள் உங்கள் ஆளை இறக்காதீர்கள், வேறு வேலை தேடிக்கொள்ளுங்கள்.