வளவு முற்றத்தில் எக்ஸ்போஷர்: வெயிலையும் நிழலையும் ஒரே படத்தில் எடுப்பது எப்படி?

கானாடுகாத்தான், காரைக்குடி பக்கம் பழைய வீடுகளைப் படம் எடுப்பவர்களுக்கு வளவில்தான், அதாவது நடுவில் திறந்த முற்றமும் சுற்றித் தாழ்வாரமும் உள்ள பகுதியில்தான், சிக்கல் ஆரம்பிக்கும். திறந்த முற்றம் வெள்ளையாக வெளிறிவிடும். இல்லையென்றால் முற்றம் ஒழுங்காக வந்து, சுற்றியுள்ள தேக்குத் தூண்கள் இருண்டுவிடும். இரண்டுக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் அவ்வளவு. எதைக் காப்பாற்றுவது என்று கேமராவுக்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் கேமரா செட்டிங்கில் ஃபைல் ஃபார்மட்டை ரா என்று மாற்றுங்கள்; சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ஃபைல் அது. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான்; 14 பிட் ராவில் 16,384. பிறகு நிழலைத் தூக்கும்போது இந்தப் படிகள்தான் கைகொடுக்கும்.

அடுத்து டயலை அப்பர்ச்சர் ப்ரையாரிட்டியில் (லென்ஸ் திறப்பை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்) வைத்து, திறப்பு எஃப் 8, ஒளியுணர்திறனான ஐ.எஸ்.ஓ. 100 என்று ஆரம்பியுங்கள். தாழ்வாரத்துக்குள் ஷட்டர் வேகம் 1/15 நொடிக்கு இறங்கினால் கை அசைவு தெரியும். ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்குங்கள். இரண்டு ஸ்டாப் கிடைத்து ஷட்டர் 1/60க்கு வந்துவிடும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி, அவ்வளவுதான்.

இப்போது ஒரு சின்னப் பயிற்சி. முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த அந்த வழவழப்பான வெள்ளைச் சுவரை ஃபிரேம் நிறைய எடுங்கள். படத்தில் சுவர் அழுக்குச் சாம்பலாக இருக்கும். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எடுத்துக்கொள்ளும். கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1க்குத் தள்ளினால் சுவர் வெளுக்கும். அப்படியே நிலைக்கதவுப் பக்கம் திரும்புங்கள். கறுத்த தேக்கைக் கேமரா வெளிறச் செய்துவிடும். அங்கே -1 வைத்தால்தான் செதுக்கு வேலைக்குள் கிடக்கும் நிழல் நிழலாகவே நிற்கும்.

சரி, வளவு முழுவதும் ஒரே படத்தில் வேண்டுமென்றால்? வெளிறிய இடங்களைக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையை ஆன் செய்துவிட்டு ஒரு படம் எடுங்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் வெயில் விழும் இடம் திரையில் மின்னும். இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடமும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். மின்னுவது அடங்கும்வரை காம்பன்சேஷனை 1/3 ஸ்டாப்பாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முழுக்க வெளிறிய இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நிழலை ஓரளவு மீட்கலாம். ஆனால் பித்தளைக் குமிழிலோ தரையின் பளபளப்பிலோ தெறிக்கும் ஒளிப்புள்ளி மின்னினால் விட்டுவிடுங்கள். அது வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

அப்படியும் நிழல் மிகவும் இருண்டால் ட்ரைபாடில் வைத்து -2, 0, +2 என்று மூன்று படம் எடுத்து, வெயிலும் நிழலும் இரண்டும் தெரியும் ஒரே படமாக, எச்.டி.ஆர். ஆக இணைக்கலாம். யாராவது குறுக்கே நடந்தால் உருவம் இரட்டையாகும். எனக்கு இதில் பெரிய விருப்பமில்லை; மூலை முடுக்கெல்லாம் பளிச்சென்று தெரிந்தால் வீட்டின் ஆழமே போய்விடுகிறது. அதைவிட, வெயில் தரையைத் தொடாத காலை நேரத்தில் போனால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கடைசியாக, படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஹைலைட்ஸைக் குறைத்து, ஷேடோஸை ஏற்றுங்கள். தூணில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரிய ஆரம்பித்தால் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். அப்புறம் பிளாக்ஸைக் கொஞ்சம் இறக்குங்கள், தேக்குக்கு அதன் கருமை திரும்பிவிடும்.