பிடிச்ச காசும் விலை போற காசும்

எங்க செங்கோட்டை 1949 வரைக்கும் திருவிதாங்கூர் சமஸ்தானத்துல, அப்புறம் 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்ததால பழைய வீடுகள்ல இன்னமும் சங்கு போட்ட சக்கரம்ங்கிற அந்தக் காலத்து செம்புக் காசு கிடைக்கும், அதுல எனக்கு உயிர்னா ஆச்சி சுருக்குப்பையில கிடந்து தேஞ்சுபோன ஒண்ணுதான். கடைக்காரர் அதுக்குப் பெருசா தரமாட்டார், அவர் பாக்குறது தேய்மானம், அது எவ்வளவு அபூர்வம், வாங்க ஆள் இருக்கா, இவ்வளவுதான்.

அதனால காசு சேக்குறவங்க ஒரு நோட்டு போட்டு ஒவ்வொரு காசுக்கும் வாங்கின விலை, அதே மாதிரி காசு ஏலத்துல நெஜமாவே வித்த விலை (சும்மா கேக்குற விலை இல்ல), யார் தந்ததுன்னு தனித்தனியா எழுதுங்க. தயவுசெஞ்சு புளி போட்டு தேய்க்காதீங்க, பளபளன்னு ஆகும், ஆனா வருஷக்கணக்கா படிஞ்ச அந்தக் கருஞ்செவப்பும் போய் விலையும் போயிடும். ஓரத்தைப் பிடிச்சு எடுங்க. பிவிசி கவர் வேண்டாம், பச்சை பிடிக்கும்.

விலை ஏறினதை விக்கலாம், ஆச்சி காசு மாதிரி உள்ளதை தனி டப்பால வச்சு யார் காசுன்னு ஒரு சீட்டும் எழுதிப் போடுங்க.