ரோமத்துக்குள் இருக்கும் செந்நாய்: பிளெண்டரில் செதுக்குவதும் கருத்துக் கேட்பதும்

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செதுக்கிய விலங்கு, ரோமம் போட்டதும் பஞ்சு பொம்மையாகிவிட்டது என்றால், ரோம செட்டிங்கை நோண்டுவதற்கு முன் ரோமத்தை அணைத்துவிட்டு அடியில் இருக்கும் உடம்பைப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

முதுமலையிலும் ஆனைமலையிலும் திரியும் செந்நாயை எடுத்துக்கொள்வோம். நாய் மாதிரியும் இருக்கும், நரி மாதிரியும் இருக்கும், ஆனால் இரண்டும் இல்லை. அதனால் எங்கே வழுக்கினாலும் உடனே தெரிந்துவிடும். தோள் உயரம் சுமார் 50 செ.மீ., எடை 12 முதல் 20 கிலோ. முகவாய் (மூக்கும் வாயும் முன்னே நீண்டிருக்கும் பகுதி) குட்டை, காது நுனி வட்டம், வால் புசுபுசுவென்று கருப்பு. வாயைத் திறந்து காட்டப்போகிறீர்கள் என்றால் பல்லை எண்ணிக்கொள்ளுங்கள்: நாய்க்கு 42, செந்நாய்க்கு 40. கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒரு கடைவாய்ப்பல் குறைவு.

பார்த்துச் செய்ய எடுக்கும் படங்களில் லென்ஸைக் கவனியுங்கள். கிட்டப் போய் செல்போனில் எடுத்த படத்தில் மூக்கு ஊதித் தெரியும். காட்டுயிர்ப் படங்கள் தூரத்திலிருந்து நீண்ட லென்ஸில் எடுத்தவை. ஒப்பிடும்போது பிளெண்டர் கேமராவின் லென்ஸை 100 மி.மீ.க்கு மேல் வையுங்கள். இல்லாவிட்டால் சரியாக இருக்கும் முகத்தைத் திருத்திக் கெடுப்பீர்கள்.

நிஜ அளவில் தொடங்குங்கள். முடியின் நீளமும் கனமும் மி.மீ. கணக்கு. 40 மீட்டர் நாயின்மேல் அந்தக் கணக்கு செல்லாது. மண்டை, விலாக்கூடு, இடுப்பு என்று மூன்று உருண்டைகளை முதலில் நிறுத்துங்கள். நாய் இனங்களுக்கு முன்காலை உடம்போடு கட்டிவைக்கும் காறை எலும்பு கிடையாது. விலாக்கூடு இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே தசையில் தொங்குகிறது. இதை மறந்தால் முன்கால்கள் மேசைக்கால் மாதிரி ஒட்டவைத்தது போலத் தெரியும். முழங்கை மார்பின் அடிக்கோட்டுக்குப் பக்கத்தில் வரவேண்டும். பின்காலில் பின்னோக்கி மடங்குவது முட்டி அல்ல, குதிகால். முட்டி அதற்கு மேலே, வயிற்றோரமாக இருக்கிறது.

உருவத்தைச் சிறு கனசதுரங்களாக (வோக்ஸல்) பிரித்து மேற்பரப்பைப் புதிதாகக் கட்டும் வோக்ஸல் ரீமெஷ் அளவை 2 செ.மீ.யில் ஆரம்பித்து, வடிவம் அமைந்த பிறகு 5 மி.மீ. வரை இறக்குங்கள். காது மடல் 4 மி.மீ. தடிமனாக இருந்து வோக்ஸல் 8 மி.மீ. என்றால் காதில் ஓட்டை விழும். காதைத் தனியாகச் செதுக்கிக் கடைசியில் சேர்ப்பது நிம்மதி.

அடுத்தது, பலரும் தவறவிடும் கணக்கு. படத்தில் தெரியும் வெளிக்கோடு ரோமத்தின் கோடு, தோலின் கோடு இல்லை. கழுத்தில் 4 செ.மீ. முடி சாய்ந்து படுத்தால் வெளிக்கோடு ஒன்றரை செ.மீ. வரை வெளியே போகும். அந்த அளவுக்குக் கழுத்தை ஒல்லியாகச் செதுக்குங்கள். ரோமம் இல்லாத உங்கள் செந்நாய் சொறி பிடித்த தெருநாய் போல இருந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். ரோமம் மூடும் இடத்தில் தோல் சுருக்கம் செதுக்குவது வீண் வேலை. அந்த நேரத்தை மூக்கு, இமை விளிம்பு, உதடு, பாதத் திண்டு ஆகியவற்றில் செலவழியுங்கள்.

ரீடோபோ செய்து (செதுக்கியதன்மேல் சீரான வலையை மீண்டும் கட்டி), யுவி விரித்து (மேற்பரப்பைத் தட்டையாக விரித்து), கன்ட்ரோல்-ஏ போட்டு ஸ்கேலை அப்ளை செய்தபின் (அளவை நிலைப்படுத்தியபின்) ரோமத்துக்கு வாருங்கள். பிளெண்டர் 3.5 முதல் ரோமத்துக்கான ஜியாமெட்ரி நோடுகள் (வடிவத்தை உருவாக்கும் கட்டளைக் கட்டங்கள்) உள்ளேயே வருகின்றன. தலை, உடம்பு, வால் மூன்றுக்கும் தனித்தனி ஹேர் ஆப்ஜெக்ட் வைத்தால் பிறகு தலைவலி குறையும். மற்ற முடிகளுக்குத் திசை காட்டும் வழிகாட்டி முடிகள் 300 முதல் 600 போதும். முதலில் சீப்பால் திசையை மட்டும் வாருங்கள். மூக்குக்குப் பின்னால் தொடங்கி நெற்றி வழியாகப் பிடரிக்கு ஓடும். கன்னத்தில் பின்னும் கீழுமாக விரியும். காலில் கீழ்நோக்கி இறங்கும். மார்பில் இரண்டு ஓட்டங்கள் மோதிச் சுழி விழும் இடத்தைப் படத்தில் தேடிப் பிடியுங்கள். சுழி இல்லாத மார்பு கம்பளி விரித்தது போல இருக்கும்.

நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டும். முகவாயில் 4 மி.மீ., நெற்றியில் 10, முதுகில் 30, கழுத்தில் 40, வாலில் 80 என்று தொடங்கிப் படம் பார்த்து மாற்றுங்கள். எல்லா இடத்திலும் ஒரே நீளம் விட்டால் அதுதான் அந்தப் பஞ்சு பொம்மை. வெளிமுடிக்கு அடியில் பாதி நீளத்தில் மெல்லிய, வெளிறிய, சற்றே நெளிந்த அடிரோமம் ஓர் அடுக்கு வேண்டும். அது இல்லையென்றால் கழுத்து திரும்பும் இடத்தில் தோல் எட்டிப் பார்க்கும்.

மொத்தம் 3 லட்சம் முடி வரை போகலாம். வேலை செய்யும் திரையான வியூபோர்ட்டில் 5 சதவீதம் மட்டும் காட்டுங்கள். நிஜத்தில் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு. அதை ஈடுகட்ட முடியின் ஆரத்தை வேரில் 0.1 மி.மீ. வைத்து நுனியில் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். கிளம்ப் (முடிகள் கொத்துக் கொத்தாகச் சேர்வது) அதிகமானால் மழையில் நனைந்த நாய்; சுத்தமாக இல்லையென்றால் சலூனிலிருந்து வந்த நாய். முடியின் நிறத்தை அமைக்கும் பிரின்சிபிள்டு ஹேரில் மெலனின் (கருமை) 0.5, ரெட்னெஸ் (செம்மை) 0.8 என்று தொடங்கினால் செம்பழுப்பு வரும். வாலுக்கு மெலனின் 0.95. இறுதிப் படம் எடுக்கும்போது குறைந்த சாம்பிளில் (ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியைக் கணக்கிடும் எண்ணிக்கை) டீநாய்ஸ் (புள்ளி இரைச்சல் நீக்கம்) போட்டால் முடி மெழுகாக உருகிவிடும். சாம்பிளைக் கூட்டுவதுதான் வழி.

கருத்துக் கேட்கும் முன் படத்தை இடவலமாகப் புரட்டிப் பாருங்கள். முழுக் கருப்பு நிழலுருவாகவும் பாருங்கள். பாதிக் குறை அங்கேயே சிக்கும். பிறகு ரோமமில்லாத சாம்பல் நிற உருவம் பக்கவாட்டிலும் நேராகவும், அதே கோணங்களில் ரோமத்தோடு, கூடவே நீங்கள் பார்த்துச் செய்த புகைப்படம் ஆகியவற்றைக் காட்டுங்கள். பின்னணி மங்கல், பனிமூட்டம் எதுவும் வேண்டாம். அவை குறையை மறைக்கத்தான் உதவும். “எப்படி இருக்கு?” என்றால் “சூப்பர்” என்றுதான் பதில் வரும். “முன்காலில் எடை இறங்குகிறதா?”, “முகம் நரியாகத் தெரிகிறதா?” என்று கேளுங்கள். நாய் வளர்ப்பவர், கால்நடை மருத்துவர் ஆகியோரிடமும் காட்டுங்கள். மென்பொருள் தெரியாததால் அவர்கள் விலங்கை மட்டும் பார்ப்பார்கள்.

வரும் பதிலில் இடத்தை நம்புங்கள், மருந்தை நம்பாதீர்கள். “கண்ணில் உயிர் இல்லை” என்பவர் கண் நிறத்தை மாற்றச் சொல்வார். உண்மையில் மேலிமைக்குத் தடிமன் இல்லாமல் விழிமேல் நிழல் விழாதது காரணமாக இருக்கும், அல்லது கீழிமை ஓரத்து ஈரக்கோடு இருக்காது. “நரி மாதிரி இருக்கு” என்றால் முகவாயை அகலமாக்கி, காது நுனியை வட்டமாக்குங்கள். திருத்தியதைத் திரும்பக் காட்டும்போது அதே கேமரா, அதே விளக்கு; பழைய படம் இடப்பக்கம்.