பழைய தமிழ்க் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் முறை

1990களில் கணினியில் தமிழ் எழுதியவர்களுக்கு எழுத்துருப் பஞ்சம் இருந்ததில்லை. எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் எழுத்துகளைத் தம் விருப்பப்படி அமர்த்திக்கொண்டனர். அந்தத் தாராளம் இல்லாதிருந்தால் கணினித் தமிழ் இன்னும் தாமதமாகவே வந்திருக்கும். ஆனால், பாமினி என்ற எழுத்துருவில் எழுதிய ‘அம்மா’ என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் தெரியும். 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களை (எந்த எழுத்துக்கு எந்தக் குறியெண் என்ற வரையறைகளை) அறிவித்ததால், தரம் வந்த பின்னும் குழப்பம் முற்றிலும் தீரவில்லை.

எல்லா மொழிகளுக்குமான பொதுக் குறியாக்கமாகிய ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றத் தொடங்குமுன் மூலக் கோப்பைப் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எழுத்துருவின் பெயரைப் பார்த்து, அதற்குரிய குறியாக்கத்தை, மாற்றித்தரும் மென்பொருளாகிய மாற்றியில் தேர்ந்தெடுங்கள். பாமினி போன்றவற்றில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் குறியெண்கள் ஒன்றே என்பதால், வெறும் உரையாக ஒட்டினால் இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழாகிவிடும். அவற்றை முன்னரே பிரித்தெடுப்பது நல்லது.

மாற்றிய பின் ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளைக் கவனமாகப் பாருங்கள். பழைய எழுத்துருக்களில் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகியிருக்கும். ஒருங்குறியிலோ ககரம் முதலில் வந்து, ஒகரக் குறி ஒரே குறியெண்ணாகப் பின்தொடர வேண்டும். சில மாற்றிகள் கொம்பையும் காலையும் தனித்தனியாகவே விட்டுவிடுகின்றன. திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் தேடும்போது அச்சொல் அகப்படாமல் போகலாம். காலுக்குப் பதில் ரகரம் இட்ட இடங்களையும் திருத்துங்கள்.

2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியுடன் டேஸ் 16 குறியாக்கத்தையும் ஏற்றது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் அதன் அமைப்பு எனக்குப் பிடித்தமானதே; எனினும் பிறருக்கு அனுப்பும் கோப்பை ஒருங்குறியிலேயே சேமியுங்கள், ஏனெனில் பெறுபவரின் கைபேசி அறிந்தது அதைத்தான்.

சேமிப்பில்தான் இந்தக் கண்டிப்பு. விசைப்பலகைக்கு அது வேண்டாம். பாமினியில் பழகிய விரல்கள், என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருளின் உதவியால், அதே விசைகளிலேயே ஒருங்குறியில் எழுதலாம். புதிதாகப் பழகுபவருக்குத் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பு ஏற்றது: மகர விசையை இருமுறை அழுத்தினால் முதல் மகரத்தின்மீது புள்ளி தானாகவே விழும்.