இரவில் படிக்க ஏற்ற இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

இரவில் படிப்பதற்கான இடத்தைப் பெரும்பாலான மாணவர்கள் பகலில் போய்ப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். தவறு அங்கேயே தொடங்குகிறது. மாலை 5 மணிக்கு அமைதியாக இருந்த கூடத்தில் இரவு 11 மணிக்குப் பாதி விளக்குகள் அணைக்கப்பட்டிருக்கலாம், கழிப்பறை பூட்டப்பட்டிருக்கலாம், துப்புரவுப் பணி நடந்துகொண்டிருக்கலாம். ஆகவே, கீழே சொல்லப்படும் சோதனைகளை நீங்கள் படிக்கப்போகும் அதே நேரத்தில் செய்து பார்ப்பதுதான் முறை.

படி 1: வேலையையும் நேரத்தையும் வரையறுங்கள்

வாய்விட்டுப் படித்து மனப்பாடம் செய்பவருக்கும், கணக்குப் போட்டுப் பார்ப்பவருக்கும், மடிக்கணினியில் கட்டுரை எழுதுபவருக்கும் ஒரே இடம் பொருந்தாது. முதலாமவருக்கு நூலகமே ஆகாது. அடுத்து, எத்தனை மணி வரை படிக்கப்போகிறீர்கள் என்பதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இரவில் உறங்கிப் பழகிய உடலின் வெப்பநிலை அதிகாலை 4 அல்லது 5 மணியளவில் மிகத் தாழ்ந்திருக்கும்; விழிப்புணர்வும் அந்த நேரத்தை ஒட்டியே மிகக் குறைகிறது. எனவே இரவு 1 மணிக்கு மேல் நீளும் திட்டத்தை நான் பரிந்துரைப்பதில்லை.

படி 2: பட்டியல் தயாரியுங்கள்

கல்லூரி அல்லது பல்கலைக்கழக நூலகத்திலிருந்து தொடங்குங்கள். தேர்வுக் காலத்தில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் நூலகங்கள் பல உண்டு. ஆனால் கட்டடம் திறந்திருக்கும் நேரம் வேறு, நூல் வழங்கும் நேரம் வேறு என்பதால், தேவையான நூல்களை முன்னதாகவே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். இரவில் அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விடுவார்களா என்றும், விடுமுறை நாள்களில் நேரம் மாறுமா என்றும் பணியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தவை விடுதியின் படிப்பறையும் துறையின் காலி வகுப்பறைகளும். வகுப்பறைக்கு அனுமதி வாங்கும்போது எழுத்தில் வாங்குவது நல்லது. பகல் காவலருக்குத் தெரிந்த செய்தி இரவுக் காவலருக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. இரவு முழுவதும் இயங்கும் காபிக் கடைகள் சிலருக்கு உதவும் என்றாலும், அங்கே செலவும் பேச்சும் கூடவே வரும். மருத்துவமனைகளிலும் பேருந்து, ரயில் நிலையங்களிலும் உள்ள காத்திருப்பு இருக்கைகள் வேறு தேவையில் இருப்பவர்களுக்கானவை. அவற்றைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். எல்லோரும் உறங்கிய பிறகு வீட்டின் சாப்பாட்டு மேசை எவ்வளவு நல்ல படிப்பிடம் என்பதைப் பலரும் உணர்வதில்லை. கட்டில் மட்டும் வேண்டாம்.

படி 3: திரும்பி வரும் வழியைச் சோதியுங்கள்

இதில் தேறாத இடத்தை மேற்கொண்டு சோதிக்கவே தேவையில்லை. கடைசிப் பேருந்து அல்லது ரயில் எத்தனை மணிக்கு, அது தவறினால் அடுத்து என்ன வழி, நடக்கும் பாதையில் விளக்குகள் எரிகின்றனவா, உடன் வர ஒருவர் கிடைப்பாரா என்பவற்றை ஒருமுறை போய்வந்தே தெரிந்துகொள்ள வேண்டும். சில கட்டடங்களில் இரவில் கதவு வெளியே விடும், மீண்டும் உள்ளே விடாது. பையை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவர்கள் இதைத் தாமதமாகத்தான் அறிகிறார்கள். எங்கே இருக்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடமாவது சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

படி 4: அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்

வாசிக்கும் மேசைக்கு ஏறத்தாழ 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். நடைவழிகளுக்கு 100 லக்ஸ் போதும் என்பதால், நடைவழியில் போட்ட மேசை கண்ணைக் களைப்பாக்கும். கைபேசியின் ஒளி அளக்கும் செயலி துல்லியமாக இராவிட்டாலும், இரண்டு மேசைகளை ஒப்பிட உதவும். வலக்கையால் எழுதுபவருக்கு ஒளி இடப்புறமிருந்து வந்தால் கையின் நிழல் தாளில் விழாது.

ஓசையைப் பொறுத்தவரை, அதன் அளவைவிடத் தன்மையே முக்கியம். மின்விசிறியின் சீரான இரைச்சலுக்கு மனம் விரைவில் பழகிவிடுகிறது. பக்கத்து மேசையில் புரியும் மொழியில் நடக்கும் மெல்லிய உரையாடலோ வாசிப்பைத் தொடர்ந்து குலைக்கிறது. கதவு சன்னல் மூடிய சிறிய அறையில் பலர் இருந்தால் கார்பன் டைஆக்சைடு சேர்ந்து மந்தமாக இருக்கும். காற்று வரும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஆள் அசைவை உணர்ந்து எரியும் விளக்குகள் உள்ளனவா என்பதையும் கவனியுங்கள். அப்படிப்பட்ட ஒரு வகுப்பறையில் நான் தனியாகப் படித்த இரவில், விளக்கு அணையும்போதெல்லாம் எழுந்து கையை வீசி அதை எரியவைத்ததுதான் நினைவில் இருக்கிறது. படித்த பாடம் நினைவில் இல்லை. மின் இணைப்பு, குடிநீர், கழிப்பறை ஆகியவற்றை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். குளிரூட்டிய பெரிய கூடங்களில் ஆள் குறையக் குறையக் குளிர் ஏறும். ஒரு போர்வை கைவசம் இருக்கட்டும்.

படி 5: மூன்று இரவுகள் பதிவு செய்யுங்கள்

உட்கார்ந்த நேரம், உண்மையில் படிக்கத் தொடங்கிய நேரம், முடித்த பக்கங்கள் ஆகிய மூன்றை மட்டும் குறித்துவையுங்கள். முதல் இரண்டுக்கும் இடையே அரை மணிக்கு மேல் போகும் இடம், எவ்வளவு அழகாக இருந்தாலும், உங்களுக்கானது அன்று. காபி குடித்த இரவுகளைத் தனியாகக் குறியுங்கள்: உடலில் காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதால், இரவு 10 மணிக்குக் குடித்ததன் பாதி அதிகாலை 3 மணிக்கும் உடலில் இருக்கும். தேறிய இடங்களில் இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் முதல் இடம் நிரம்பியிருக்கக்கூடும்.