பிரெக்சிட் இழுபறியின்போது மக்கள் மனநிலையைக் கணக்கெடுப்பது எப்படி?

முதலில் ஒரு தாளில் தேதிகளை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். பிரெக்சிட் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவது. 2016 ஜூன் 23 பொது வாக்கெடுப்பில் விலகச் சொன்னவர்கள் 51.9 சதவீதம். வெளியேற வேண்டிய நாள் 2019 மார்ச் 29. அப்போதைய பிரதமர் தெரசா மேயின் விலகல் ஒப்பந்தம் மக்களவையில் மூன்று முறை தோற்றது: 2019 ஜனவரி 15 (432-202), மார்ச் 12 (391-242), மார்ச் 29 (344-286). மார்ச் 27இல் எட்டு மாற்று வழிகளை வாக்குக்கு விட்டார்கள். ஒன்றுக்கும் பெரும்பான்மை இல்லை. உங்கள் கைக்கு வரும் மனு, ஊர்வலம், கருத்துக்கணிப்பு எல்லாவற்றையும் இந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் குறியுங்கள். கணிப்பு என்றால் வெளியான நாளைப் பார்க்காதீர்கள், மக்களிடம் கேள்வி கேட்ட நாளைப் பாருங்கள். இடையில் நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்பு விழுந்திருந்தால் அந்தக் கணிப்பு பழையதாகிவிடும்.

இந்த ஒப்பந்தத்தைத் தோற்கடித்தவர்கள் ஒரே கூட்டமல்ல. முழுமையாக வெட்டிக்கொண்டு போகவேண்டும் என்றவர்களும், போகவே கூடாது என்றவர்களும் ஒரே வரிசையில் நின்று எதிர்த்து வாக்களித்தார்கள். தெருவிலும் அதே நிலைதான். ஆகவே 'நாடாளுமன்றத்தின் மீது மக்கள் கோபம்' என்ற எண்ணை எந்தத் தரப்பின் கணக்கிலும் சேர்க்காதீர்கள். கோபத்துக்குக் காரணம் என்ன என்று கேட்ட அடுத்த கேள்வி இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

மனுவைக் கவனமாகப் படிக்க வேண்டும். மார்ச் 20 இரவு பிரதமர் தெரசா மே தொலைக்காட்சியில் பேசினார். மறுநாளே விலகலை ரத்துசெய்யக் கோரும் மனுவுக்குக் கூட்டம் அலைமோதி நாடாளுமன்ற மனுத்தளம் முடங்கியது. கடைசியில் 61 லட்சம் கையெழுத்து சேர்ந்தது. அதை யாரும் அற்பமாக எண்ணக்கூடாது. ஆனால் அது எதைக் காட்டுகிறது? பெயர், மின்னஞ்சல், அஞ்சல் குறியீடு கொடுத்து, பிரிட்டன் குடிமகன் அல்லது அங்கே வசிப்பவர் என்று உறுதிசொல்லி, மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பை அழுத்தினால் கையெழுத்து பதிவாகும். இரண்டு மின்னஞ்சல் முகவரி வைத்திருப்பவர் இரண்டு முறை போட முடியும். 'எதிர்க்கிறேன்' என்று அழுத்த அங்கே இடமே இல்லை. சட்டபூர்வ வலுவும் கிடையாது: 10,000 தாண்டினால் அரசின் பதில், 1,00,000 தாண்டினால் விவாதத்துக்குப் பரிசீலனை, அவ்வளவுதான்.

தொகுதிவாரி எண்ணிக்கை கிடைக்கும். அதை அந்தத் தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கையால் வகுத்துத்தான் ஒப்பிட வேண்டும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்: மனு 650 தொகுதிகளாகப் பிரிகிறது, 2016 வாக்குகளோ 382 எண்ணும் பகுதிகளாக எண்ணப்பட்டவை. இரண்டையும் நேரடியாகப் பக்கத்தில் வைக்க முடியாது.

ஊர்வலத்துக்கு வருவோம். மீண்டும் பொது வாக்கெடுப்பு கேட்டு மார்ச் 23இல் நடந்த லண்டன் பேரணிக்குப் பத்து லட்சம் பேர் வந்ததாக ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். கூட்ட ஆய்வாளர்களின் மதிப்பீடு 3,12,000 முதல் 4,00,000 வரை. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 1,000 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலமுள்ள சாலை 20,000 சதுர மீட்டர். தாராளமாக நடந்தால் சதுர மீட்டருக்கு ஒருவர், அதாவது 20,000 பேர். நெருக்கியடித்து நின்றால் நான்கு, 80,000 பேர். நகரும் கூட்டத்துக்கு இது போதாது. ஒரு கோட்டை நிமிடத்துக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று எண்ணி, நேரத்தால் பெருக்குங்கள். முன்வரிசைப் புகைப்படத்தை வைத்து அடர்த்தி கணக்கிட்டால் கூடுதலாகவே வரும், ஏனென்றால் முன்னால்தான் நெரிசல்.

கருத்துக்கணிப்பில் கேள்வியின் சொற்களை எழுத்துக்கு எழுத்துப் படியுங்கள். 'இரண்டாவது பொது வாக்கெடுப்பு' என்று கேட்டால் ஒரு விடை. 'இறுதி ஒப்பந்தம் பற்றி மக்கள் வாக்கு' என்றால் ஆதரவு கூடும். ஒப்பந்தம், ஒப்பந்தமில்லா வெளியேற்றம், ஒன்றியத்திலேயே தங்குதல் என்று மூன்றில் ஒன்றைக் கேட்டால் விலகல் தரப்பு இரண்டாகப் பிரிந்து, தங்கும் தரப்பு முந்துவதுபோலத் தெரியும். இரண்டிரண்டாக மோதவிட்டுக் கேட்டதைத் தேடுங்கள். 'தெரியாது' என்றவர்களை நீக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

தேர்தல்தான் பேசாதவர்களையும் ஓரளவு காட்டும். 2019 மே 23 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் விலகலை வலியுறுத்திய பிரெக்சிட் கட்சி 29 இடங்களுடன் முதலிடம். ஆனால் வாக்களித்தவர்கள் சுமார் 37 சதவீதம்தான். டிசம்பர் 12 பொதுத்தேர்தலில் ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 43.6 சதவீத வாக்கு, 365 இடங்கள்; மீண்டும் பொது வாக்கெடுப்பு கேட்ட கட்சிகளின் மொத்த வாக்கோ பாதிக்குச் சற்று மேல். இந்த எண்களில் ஒன்றை மட்டும் காட்டி முடிவு சொல்லும் கட்டுரையை ஒதுக்கிவிட்டு, இடங்களையும் வாக்குச் சதவீதத்தையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.